பொய் வியர்வை

கண்ணாடிக் கூண்டு. உள்ளே நிற்கிறான் ஓர் இளைஞன். காதுகளை மூடிய ஒலிக்கருவி. நெற்றியிலே முத்து முத்தாய் வியர்வை. உதட்டைக் கடிக்கிறான், கண்களை மூடுகிறான், நினைவெனும் கிணற்றின் அடியிலே எதையோ துழாவுகிறான். வெளியே நாடே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. கிடைக்குமா, கிடைக்காதா? கிடைத்துவிட்டது! விடையை உரைக்கிறான், அரங்கம் அதிர்கிறது, வெற்றிப் புன்னகை பூக்கிறது முகத்தில்.

துழாவிய கிணற்றிலே தண்ணீரே இல்லை! கேள்வி அவனுக்கு முன்பே தெரியும், விடையும் தெரியும். எத்தனை நொடி தயங்க வேண்டும், எந்தச் சொல்லிலே திக்க வேண்டும், நெற்றியைத் துடைக்காமல் கைக்குட்டையால் மெல்ல ஒற்ற வேண்டும் என்பது வரையில் ஒத்திகை நடத்தி அனுப்பியிருந்தனர். வியர்வை எப்படி வந்தது என்கிறீர்களா? கூண்டின் குளிரூட்டும் கருவியை நிறுத்திவிட்டால், வியர்வை வராமல் வேறென்ன வரும்!

நடந்த இடம் நியூயார்க் நகரம். காலம் 1956-ஆம் ஆண்டு. என்.பி.சி. தொலைக்காட்சி நடத்திய 'ட்வென்ட்டி ஒன்' என்னும் வினாடி வினா நிகழ்ச்சி அது. முதல் நாள் அதை நேர்மையாகத்தான் நடத்தினர். போட்டியாளர்களுக்கு விடை தெரியவில்லை. கேள்வி மேல் கேள்வி வீணாயிற்று. பார்த்தோர் கொட்டாவி விட்டனர். சத்து மருந்து விற்பதற்காகப் பணம் கொடுத்த கம்பெனி சீறிற்று. அன்றோடு போயிற்று நேர்மை! அறியாமைக்கு விளம்பர மதிப்பு இல்லை என்று கண்டுகொண்டார் தயாரிப்பாளர் டான் என்ரைட். அடுத்த வாரம் முதல் அறிவைக் கடையிலே சரக்கு அடுக்குவதுபோல் அடுக்கிவைத்தார்.

அப்படி அடுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல். படையிலே பணியாற்றியவர்; கட்டணமின்றிக் கற்பித்த நியூயார்க் நகரக் கல்லூரியின் மாணவர். உண்மையிலேயே நினைவாற்றல் மிக்கவர். ஆயினும் அந்த ஆற்றல் போதாதென்று, அவருக்கு ஏழை வேடம் கட்டினர். அளவுக்குப் பொருந்தாத சட்டைத்துணி. ஒட்ட வெட்டிய தலைமுடி. ஒலிவாங்கிக்குக் கேட்கும்படி 'டிக் டிக்' என்று அடிக்கும் மலிவான கைக்கடிகாரம். நிகழ்ச்சித் தலைவரைப் பெயர் சொல்லி அழைத்தல் கூடாது. 'திருவாளர்' சேர்த்துப் பணிவோடு அழைத்தல் வேண்டும்! ஏழையென்றால் குனிந்துதானே நிற்க வேண்டும். அங்கும் அதுதான் இலக்கணம் போலும்.

ஏழையைப் பார்த்து நாடு சலித்தது. என்ன செய்தனர்? வேறொருவரைத் தேடிப் பிடித்தனர்: சார்லஸ் வான் டோரன். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் கற்பித்தவர். தந்தை புகழ்பெற்ற கவிஞர், புலிட்சர் பரிசு பெற்றவர், பெரியப்பனும் அதே பரிசு பெற்றவர், தாய் எழுத்தாளர். நல்ல உயரம், நல்ல தோற்றம், நல்ல குடும்பம். இவர் வெல்ல வேண்டும், அவர் தோற்க வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று. 1956 டிசம்பரில் ஸ்டெம்பெல் தோற்றார். எந்தக் கேள்வியிலே தோற்கும்படி பணித்தனர் தெரியுமா? 1955-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்ற படம் எது என்ற கேள்வியில். விடை 'மார்ட்டி'. கசாப்புக் கடையிலே உழைக்கும் ஓர் எளியவனின் கதை. ஸ்டெம்பெலுக்கு உயிரான படம். மூன்று முறை பார்த்தேன் என்று பின்னாளில் அவரே கூறினார். தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, தவறான படத்தின் பெயரை உரைக்கச் சொன்னார்கள், உரைத்தார். தன்னைப் போன்ற ஓர் ஏழையின் கதையைத் தனக்குத் தெரியாதென்று நாடறியச் சொல்லவேண்டி வந்ததே, அந்தக் கொடுமைக்கு என்ன பெயர் வைப்பது!

வான் டோரன் 1,29,000 டாலர் வென்றார். 'டைம்' இதழின் அட்டையிலே அவர் படம் வந்தது. அறிவுக்கு அரியணை கிடைத்துவிட்டது என்று ஆசிரியர்கள் மகிழ்ந்தனர். சூதைச் சொல்ல முன்வந்த ஸ்டெம்பெலை நம்பியவர் சிலர். பொறாமைக்காரன் என்றவர் பலர். 1958 மே மாதத்தில் 'டாட்டோ' என்ற வேறொரு நிகழ்ச்சியிலே, காத்திருந்த போட்டியாளர் ஒருவர் கையில் மற்றொருவரின் குறிப்பேடு சிக்கிற்று. அதில் விடைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன! அதன்பின் நூல் இழுக்க இழுக்க வந்தது. சான்று கூற வந்தோரிற் பலர், வான் டோரன் உட்பட, முதலில் பொய்யே உரைத்தனர். இறுதியில் 1959 நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து ஒப்புக்கொண்டார் அவர். கண்ணாடிக் கூண்டிலிருந்து குற்றவாளிக் கூண்டு அதிகத் தொலைவில் இல்லை.

அன்று நடந்த ஒன்றை நாம் குறித்தே ஆகவேண்டும். உண்மையைச் சொன்னாரே என்று குழு உறுப்பினர் பலர் வான் டோரனைப் பாராட்டினர். நியூயார்க்கின் உறுப்பினர் டெரூனியன் மட்டும் மறுத்தார். இத்துணை அறிவுடைய ஒருவர் உண்மை பேசியதற்குப் பாராட்டு எதற்கு என்பது அவர் கருத்து. அரங்கிலிருந்தோர் கைதட்டினர். அதே சொல்லை ஸ்டெம்பெலுக்காக யாரேனும் முன்பே சொல்லியிருந்தால்!

இந்த வரலாற்றை அண்மையில் பொட்டிபுரம் படிப்பகத்திலே நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். போடிநாயக்கனூரை அடுத்து, மலையடிவாரத்திலே அமைந்த சிற்றூர் பொட்டிபுரம். அந்தப் பக்கத்து வாழ்க்கை ஏலக்காயோடு பிணைந்தது. விடியுமுன் ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுப் பாதையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பால் உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்கிவரும் பெண்கள் வாழும் வட்டாரம். வியர்வை என்னும் சொல்லுக்கு அவர்களிடம் அகராதி கேட்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சியும் அவர்களுக்குப் புதிதன்று. 2000-ஆம் ஆண்டில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' சன் தொலைக்காட்சியில் வந்தபோது, பெட்டி இருந்த வீட்டின் திண்ணை நிறைந்ததாம். 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. 2012-இல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'யை அவரவர் வீட்டிலேயே பார்த்தனர். இந்நிகழ்ச்சிகள்மீது நாம் குற்றம் சாட்டவில்லை. அவை ஊட்டிய ஆசை எத்தகையது என்பதைத்தான் நினைவூட்டுகிறோம். 'எனக்குத் தெரிந்த கேள்வி அல்லவா இது!' என்று கிழவர் ஒருவர் துள்ளி எழுவார். பேரன் வியந்து பார்ப்பான். அந்த ஒரு நொடியிலே அந்தக் கிழவருக்குக் கிடைத்த பெருமை, கோடி ரூபாய்க்குக் குறைந்ததன்று.

நண்பர் ஒருவர் கேட்டார், கூர்மையான கேள்விதான். "பணம் கம்பெனியுடையது. அது யாருக்குக் கொடுத்தால் நமக்கென்ன? பார்த்தவர்களுக்குப் பொழுது போயிற்று. நாடகத்திலே அரிச்சந்திரன் அழுகிறான், உண்மையிலா அழுகிறான்? அதைப் பார்த்து நாமும் அழவில்லையா? அதுபோலத்தான் இதுவும். யார் குடி கெட்டது?"

அமெரிக்கச் சட்டத்துக்கும் இந்தக் கேள்விக்கு உடனே விடை தெரியவில்லை. வினாடி வினாவிலே விடையை முன்கூட்டித் தருவது குற்றம் என்று அன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தண்டனை பெற்றவர்கள், சான்று கூறும்போது பொய் சொன்னதற்காகவே பெற்றனர். 1960-இல்தான் அதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றினர். குற்றம் முந்தி நடந்தது, பெயர் பிந்தி வந்தது! ஆகவே நண்பரின் கேள்வியை அற்பமென்று தள்ளிவிடுவதற்கில்லை.

நாம் ஏதோ நீட்டி முழக்கத் தொடங்கினோம். குடோனிலே காய் தரம் பிரிக்கும் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், கூட்டத்தின் ஓரத்தில் இருந்தவர், குறுக்கிட்டார். "சாயம் போட்ட காயி மாதிரித்தானப்பா இது" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

எண்ணிப் பார்த்தோம். ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். பக்குவமாக எடுத்து, சூடு தவறாமல் உலர்த்தினால்தான் அந்தப் பச்சை நிலைக்கும். ஆகையால் பச்சை வெறும் நிறமாக இருப்பதில்லை. இக்காய் உரிய காலத்தில் எடுக்கப்பட்டது, உரிய முறையில் உலர்த்தப்பட்டது என்று அது வாங்குவோனுக்கு வாக்குக் கொடுக்கிறது. வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றினால், காயும் ஏலக்காய்தான், மணமும் ஓரளவு இருக்கத்தான் செய்யும். கொடுத்த வாக்கு மட்டும் பொய்யாகிவிடும். திருமணப் பந்தலிலே வாழைமரத்துக்கு வண்ணத்தாள் ஒட்டுகிறோமே, அது ஏமாற்றா? இல்லை, வண்ணத்தாள் எவருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. போடியிலே ஏலமே ஏலம் போகிறது. சொல்லும் ஒன்று, சரக்கும் ஒன்று! முன்பு வாயால் கூவினர், இன்று கணினித் திரையிலே விலை கேட்கின்றனர். எனினும் காய் கைக்கு வந்து, கண்ணால் பார்த்த பிறகே விலை. அந்தக் கண்ணை ஏமாற்றுவதற்கே சாயம்.

அரிச்சந்திரன் வேடம் போட்டவர் நமக்கு என்ன வாக்குக் கொடுத்தார்? 'நான் அரிச்சந்திரன்போல் நடிப்பேன்' என்றார், நடித்தார், கணக்கு நேர். கண்ணாடிக் கூண்டுக்காரரோ, 'எனக்குத் தெரியாது, தேடுகிறேன், பாருங்கள்' என்று வாக்குக் கொடுத்தார். பார்த்தவர்கள் தங்களிடமிருந்ததை, நம்பிக்கையை, முன்பணமாகச் செலுத்தினர். சரக்கோ சாயம்!

அதே அமெரிக்காவில், அதே காலத்தில், வேறொரு நிகழ்ச்சியும் நடந்துவந்தது. 1950 பிப்ரவரியில் தொடங்கி 1967 செப்டம்பர் வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஞாயிறு இரவுதோறும் வந்த 'வாட்ஸ் மை லைன்?', 'என் தொழில் என்ன?' என்பது அதன் பொருள். பேர் அறியாத ஒருவர் வருவார், கரும்பலகையிலே தம் பெயரை எழுதுவார், அமர்வார். அவர் செய்யும் தொழில் இன்னதென்று பார்ப்போர்க்கெல்லாம் எழுத்தில் காட்டிவிடுவர். எதிரே இருக்கும் நால்வர்க்கு மட்டும் தெரியாது. புத்தகப் பதிப்பாளர் பென்னட் செர்ஃப், இதழாளர் டாரதி கில்காலன், நடிகை ஆர்லின் ஃபிரான்சிஸ் முதலிய பெரும்புள்ளிகள் அவர்கள். 'ஆம்', 'இல்லை' என்ற விடைக்குரிய கேள்விகளையே கேட்கலாம். ஒவ்வோர் 'இல்லை'க்கும் ஐந்து டாலர். பத்து 'இல்லை' சேர்ந்தால் ஐம்பது டாலர், ஆட்டம் முடிந்தது. உலகப் புகழ் பெற்றவர் வரும் நாளில் நால்வரும் கண்களைக் கட்டிக்கொள்வர். ஓவியர் சால்வடார் டாலி வந்தபோது, எது கேட்டாலும் 'ஆம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். நிகழ்ச்சித் தலைவர் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுத் திருத்தினார்! அந்தத் தலைவர், ஜான் டேலி, நேரம் போதாவிட்டால் மிச்ச அட்டைகளையெல்லாம் திருப்பிவிட்டு, முழு ஐம்பதையும் வந்தவருக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. விதி மீறல்தானே என்பீர்கள். மீறல்தான்! எல்லோர் கண்ணெதிரிலும் செய்த மீறல், மறைத்துச் செய்ததொன்றுமில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இங்கே மக்களுக்குத் தெரியும், மேதைகளுக்குத் தெரியாது. கூலி வேலை செய்பவர் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்க, பெரும்புள்ளிகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவுகின்றனர். அவர்கள் அறியாமை மெய். ஆகவே சிரிப்பும் மெய். 'ட்வென்ட்டி ஒன்' கூண்டிலோ மக்களுக்குத் தெரியாது, மேதைக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்துக்கொண்டு தெரியாதவன்போல் நடிக்கிறார். முன்னது பாமரரை உயரே அமர்த்தி அறிஞரைச் சோதித்தது. பின்னது அறிஞரை உயரே ஏற்றிப் பாமரரை வாய்பிளக்க வைத்தது. ஐம்பது டாலருக்காக எவனும் சூது செய்யமாட்டான் என்பதும் உண்மையே. ஆனால் தொகை சிறிது என்பது மட்டுமே காரணமென்றால், அந்த நேர்மை வறுமையின் நேர்மையாகிவிடும். தொகைக்கும் மேலாக, அங்கே பார்க்கவேண்டியது மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டு அறியும் அழகு. அந்த அழகுக்கு முடிவு எதுவாயினும் கவலையில்லை. பரிசு ஒன்றே சரக்காகிவிட்ட இடத்தில்தான், முடிவைச் சந்தைக்கேற்பச் செய்துவைக்கும் தேவை பிறக்கிறது.

நம்மிடமும் உண்டு அத்தகைய அரங்கு. பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இருக்கிறது. குன்றக்குடி அடிகளார் மேடையிலே வளர்த்ததை, மதுரைப் பேராசிரியர் சாலமன் பாப்பையா தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அது பலகாரம்போல் ஆகிவிட்டது. அங்கே இன்று மாமியார் பக்கம் பேசுகிறவர், நாளை மருமகள் பக்கம் பேசுவார். இது பொய்யல்லவா என்று நம் நண்பர் மடக்கினார். இல்லை ஐயா! அணி பிரித்துக் கொடுத்தது ஊருக்கே தெரியும். 'எனக்குக் கொடுத்த பக்கத்துக்கு என் திறமையெல்லாம் தருவேன்' என்பதே அவர் வாக்கு. ஆனால் நடுவரின் வாக்கு வேறு. இருதரப்பும் கேட்ட பின்னரே முடிவு சொல்வேன் என்பது அது. பேச்சாளர் வேடம் கட்டலாம். நடுவர் கட்டுதல் கூடாது.

வினாடி வினாச் சூது அமெரிக்காவின் கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டா. போடியிலிருந்து பேருந்து ஏறினால் சேரும் மதுரையிலே, பாண்டியன் அவையிலே நடந்ததாகக் கதை இருக்கிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலே மணம் உண்டா? ஐயம் தீர்ப்போருக்கு ஆயிரம் பொன்! தருமி என்னும் ஏழைக்கு விடை தெரியாது. வறுமை மட்டும் தெரியும். சொக்கநாதரே பாட்டு எழுதிக் கையில் கொடுத்தார் என்கிறது திருவிளையாடற் புராணம். 1965-இல் வந்த படத்திலே நாகேஷ் அந்தத் தருமியாக நடித்து நம்மையெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்தாரே! சிரித்தோம்; கூடவே நெஞ்சு நெகிழ்ந்தோம்.

கடவுள் இறங்கிவந்து பாட்டெழுதினார் என்பதை நாம் நம்பவில்லை. கதை கட்டியவனுடைய கூரறிவை வியக்கிறோம். அந்த அவை இன்றைய வினாடி வினா மேடைபோல் விடையை வாங்கிக்கொண்டு பொற்கிழியை நீட்டிவிடவில்லை. நக்கீரர் எழுந்தார், பாட்டின் பொருளை விளக்கு என்றார். தருமியால் முடியவில்லை. விடையை இரவல் வாங்கலாம். விளக்கத்தை இரவல் வாங்கி எத்தனை நாழிகை தாக்குப்பிடிப்பது! 'ட்வென்ட்டி ஒன்' கூண்டின் முன்னும், "இது உமக்கு எப்படித் தெரியும்? எங்கே படித்தீர்? வேறு விதமாக இருக்கக் கூடாதா?" என்று கேட்கும் நான்கு பேர் அமர்ந்திருந்தால், முதல் வாரத்திலேயே சாயம் வெளுத்திருக்கும். எழுதிக்கொடுத்தவரே நேரில் வந்து, நெற்றிக்கண்ணைத் திறந்து மிரட்டியும், குற்றம் குற்றமாகத்தான் தெரிந்தது நக்கீரருக்கு. தருமியை அவர் வெறுத்ததாகக் கதையிலே இல்லை. விடையை எழுதித் தந்தவரோடுதான் அவருக்கு வழக்கு. ஏழைக்கு இரங்கி எழுதித் தந்தாராம்! இரக்கமிருந்தால் பொன்னைக் கொடுத்திருக்கலாமே. அறிவுடையவன் என்ற பொய்ப் பட்டத்தை ஏன் சுமத்த வேண்டும்? என்ரைட்டுகள் எல்லாக் காலத்திலும் கருணை வேடத்திலேயே வருகின்றனர்.

சூது எப்போதும் மேடைக்குப் பின்னாலிருந்துதான் வரும் என்பதும் இல்லை. 2001-இல் இங்கிலாந்திலே, பத்து லட்சம் பவுன் போட்டியில், படை மேஜர் ஒருவர் சரியான விடையை உச்சரிக்கும்போதெல்லாம் அரங்கிலிருந்து இருமல் எழுந்தது. 2003-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அது திருட்டு, எளிதில் விளங்கும். நாம் பேசுவது அதைவிட ஆழமான ஒன்றைப்பற்றி.

யார் குடி கெட்டது என்று கேட்டாரே நண்பர், அதற்கு வருகிறோம்.

அறிவு இன்னாருக்குத்தான், இன்னாருக்கு இல்லை என்று பல நூற்றாண்டுகள் சொல்லி வந்த நாடு இது. கற்றுக்கொண்ட குற்றத்துக்கு ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்ட கதையை, அறத்தின் கதையென்று நமக்குச் சொல்லிவைத்தவர்கள் உண்டு. அந்த நாட்டிலே, கேள்வி ஒன்றே, நேரம் ஒன்றே, விடை சொன்னவன் எவனாயினும் வெற்றி அவனுக்கே என்ற ஒரு மேடை அமைந்தால், அது சாதாரணப் பொழுதுபோக்கா? செருப்புத் தைப்பவர் இசை நாடகத்தைப்பற்றிப் பேசி வெல்லலாம். அமெரிக்காவிலே 1955-இல் அப்படி ஒருவர் வந்தார், நாடு கொண்டாடிற்று. கூண்டுக்குள்ளே குலம் நுழையாது என்பதுதான் அதன் கவர்ச்சியே. நுழைந்துவிட்டது என்பதுதான் வான் டோரன் கதை. நகரக் கல்லூரி ஏழை போதும், கவிஞர் வீட்டுப் பிள்ளை வரட்டும் என்று எவரோ திரைக்குப் பின்னே தீர்மானித்தனர். பிறகு அந்தத் தீர்மானத்துக்கு 'அறிவு' என்று பெயர் சூட்டிக் காட்டினர். நேராகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் போராடலாம். போட்டியிலே தோற்றாய் என்று சொல்லிவிட்டால் எவனோடு போராடுவது? தோற்றவன் தன் அறிவையே நொந்துகொண்டு வீடு திரும்புகிறான்.

அதனால்தான் தேனி மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்குத் தனிச் சூடு. 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலே, முதலாண்டு மாணவர் ஒருவருக்காக நீட் தேர்வை வேறொருவர் எழுதினார் என்ற புகார் எழுந்தது; சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது, கைதுகள் நடந்தன. அதே ஆண்டு நடந்த அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்விலே, இராமேசுவரம், கீழக்கரை மையங்களில், எழுதியபின் மறைந்துபோகும் மையைக் கொண்டு விடைத்தாளிலே விளையாடியது 2020 சனவரியில் வெளிப்பட்டது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. இவை தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அல்ல. ஆயினும் இவையும் கேள்வியும் விடையும் கூண்டும்தான். காய் எடுக்கும் தாயின் மகள், இரவிலே விளக்கடியில் அமர்ந்து இந்தத் தேர்வுகளுக்குத்தான் படிக்கிறாள். அவளிடமிருந்து ஓர் இடத்தைப் பறித்தது ஒரு குற்றம்; அதற்குச் சட்டம் உண்டு. 'படித்து என்ன பயன்? விடை வேறெங்கோ விற்கிறது' என்ற எண்ணத்தை அவள் உள்ளத்திலே விதைத்தது மற்றொரு குற்றம். அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. குடி கெட்டது அங்கேதான், நண்பரே.

பேச்சரங்கு என்றால் பத்தரைமாற்றுத் தங்கம் என்று நாம் சொல்லவில்லை. இன்றைய செய்தித் தொலைக்காட்சிகளிலே இரவுதோறும் நடப்பதைப் பார்க்கிறோம். நான்கு சதுரங்களில் நான்கு முகங்கள். நால்வரும் ஒரே நேரத்தில் பேச, எவர் சொல்லும் எவர் காதிலும் விழாது. தலைப்பிலேயே தீர்ப்பை எழுதி, அதன் முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டால், அது கேள்வியாகிவிடுமா? 'வாட்ஸ் மை லைன்?' நால்வர் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடினார்கள். இவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தேட மறுக்கிறார்கள். இதுவும் சாயம்தான்; விளக்கொளியில் எடுப்பாகத் தெரியும் சாயம்.

இதைப் பொட்டிபுரத்தாருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வூரை ஒட்டிய மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கத்திலே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அறிவியலார் ஒருபுறம், எதிர்ப்பாளர் ஒருபுறம், நீதிமன்றம் ஒருபுறம். 2022 பிப்ரவரியில் அனுமதி தர இயலாதென்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலே தெரிவித்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் அத்தனை ஆண்டுகளும் அந்த ஊராரைத் தேடி மைக்கை நீட்டியவர்கள் பலர். கேட்டவர் உண்மையிலேயே விடை தேடி வந்தாரா, அல்லது விடையைப் பையிலே வைத்துக்கொண்டு, அதை உரைக்க ஓர் ஏழை வாயைத் தேடி வந்தாரா? கேட்கும் குரலிலிருந்தே கண்டுகொள்ளும் பழக்கம் தங்களுக்கு வந்துவிட்டது என்று படிப்பகத்தார் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சிரிப்பிலே கசப்பு இருந்தது. ஸ்டெம்பெலுக்கு ஏழை வேடம் கட்டியவர்களை அவர்கள் அவ்வளவு விரைவில் புரிந்துகொண்டதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

வான் டோரன் 2019-இல் மறைந்தார். ஸ்டெம்பெல் 2020-இல் மறைந்தார். அந்தக் கண்ணாடிக் கூண்டு எங்கே போயிற்றோ!

பொங்கலுக்குப் படிப்பகத்தில் வினாடி வினா நடத்தப்போகின்றனராம். எப்படி நடத்துவது என்று அன்றே வாதம் தொடங்கிவிட்டது. வினாக்களைக் கம்பத்து ஆசிரியர் ஒருவர் எழுதி, உறையிட்டு, அரக்கு வைத்து அனுப்புவார். உறையை மேடையில் எல்லோரும் பார்க்கப் பிரிப்பவர், காய் தரம் பிரிக்கும் அந்த அம்மையார். விடை சொன்னவரிடம், எப்படித் தெரியும் என்று அவையிலிருந்து எவரும் ஒரு துணைக்கேள்வி கேட்கலாம். அதற்கும் மதிப்பெண் உண்டு. தெரியாது என்று நேராகச் சொன்னவருக்குக் கழிவு இல்லை. பரிசு என்ன என்று கேட்டோம். ஒரு தமிழ் அகராதி என்றனர்; அதற்கு மேல் பணமில்லையாம்.